பத்து ரூபாய் முத்திரைத்தாளும் ஐந்து மில்லி ரத்தமும்

எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் வருஷா வருஷம் கொண்டுவரும் மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். கல்லீரலில் வைரஸ் வந்து பிழைத்தவள் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. "நம்பிக்கை தர்ற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மேடம். டாக்டர்களுக்கு ஒரு நன்றி, கடைசியில முருகனுக்கு ஒரு நன்றி" என்றார் மலர்க் குழுவில் இருப்பவர். சரி என்றேன். எழுத உட்கார்ந்தபோது வந்தது இதுதான். அவர்கள் போடமாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரி. எனக்குப் போட்ட ஊசிக்கு எரிச்சலும் ஒரு பக்க விளைவு. அதனால் ஊசி போட்ட ஆறு மாதமும் நான் எதற்குக் கத்தினாலும் "ஊசி பேசுது" என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துபோனார்கள். ஊசி முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. கோபம் அப்படியே இருக்கிறது. அதை மருந்தின் தலையில் கட்டாதீர்கள். அது என் சொந்தச் சம்பாத்தியம்.

என் பெயர் கோமதி. சங்கரன்கோவில் பக்கம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஓய்வூதியப் பிரிவில் இருபது வருஷமாக குமாஸ்தா. என் வீட்டுக்காரர் அருணாசலம் வேறொரு அமைச்சகத்தில் ஸ்டெனோ. ஒரே மகள் நித்யா, இதெல்லாம் நடந்தபோது எட்டாம் வகுப்பு. டெல்லி ஆர்.கே.புரத்தில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ்.

ஊர் முழுக்க மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அலுவலகத்தில் ரத்ததான முகாம் வைத்தார்கள். கொடுத்தால் அரை நாள் லீவு, ஒரு பிஸ்கட் பொட்டலம், ஒரு ஃப்ரூட்டி. கொடுத்தேன். மூன்றாவது வாரம் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஹெபடைடிஸ் சி தொற்றின் அடையாளம் இருந்ததால் உங்கள் ரத்தம் பயன்படுத்தப்படவில்லை, மருத்துவரைப் பாருங்கள் என்று இரண்டே வரி.

பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று, பன்னிரண்டரைக்கு டாக்டரைப் பார்த்தோம். வயதானவர், நல்ல மனிதர், ஆனால் அவருக்குப் பின்னால் எண்பது பேர் காத்திருந்தார்கள். "எப்பவாவது ரத்தம் ஏத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டார். நித்யா பிறந்தபோது ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வைரஸைத் தேடிப் பார்க்கும் சோதனையே இங்கே நடைமுறையில் இல்லை. அதற்காக எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது. கோபப்படுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும்.

அவர் மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். வைரஸ் என்பது நம் உடம்பில் இருக்கும் செல் போன்றதல்ல. அது சாப்பிடாது, மூச்சு விடாது, தானாக வளராது. வெளியே கொழுப்பாலான ஓர் உறை. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள். உள்ளே புரதத்தால் ஆன இன்னொரு கூடு. அந்தக் கூட்டுக்குள் மரபுப் பொருள், அதாவது இன்னொரு வைரஸைச் செய்வது எப்படி என்ற உத்தரவு. அவ்வளவுதான் அதன் உடம்பு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு கவர், உள்ளே ஒரு ஆர்டர். கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும் கவர் பிரிகிறது. செல் அந்த ஆர்டரைப் படித்து, யார் அனுப்பியது என்று கேட்காமல், நகல் நகலாக எடுத்துத் தள்ளுகிறது. கல்லீரல் அப்படி உழைத்தே தழும்பேறி, கடைசியில் கல் மாதிரி இறுகிப்போகும். அதற்குப் பெயர் சிரோசிஸ். குடிக்காதவளுக்கும் வரும்.

"ஆனா உங்களுக்கு இன்னும் வைரஸ் இருக்குன்னு இந்தக் கடிதம் சொல்லலை" என்றார். முகாமில் செய்தது எதிர்ப்பொருள் சோதனை. வைரஸ் எப்போதோ வந்தது, உடம்பு அதைப் பார்த்தது என்பதற்கு மட்டும் அது சாட்சி. சிலருக்கு உடம்பே அடித்துத் துரத்திவிடும். இப்போதும் உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், ரத்தத்தில் அந்த மரபுப் பொருளையே தேட வேண்டும். இந்த வைரஸில் அது ஆர்.என்.ஏ. இருந்தால் உடனே சிகிச்சை, கல்லீரல் இறுகுவதற்கு முன்னால். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

இருக்கிறதா, இல்லையா. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மே மாதம். ஸ்கேன், மற்ற சோதனைகள் என்று மூன்று நாள் வார்டில் படுக்கை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நர்ஸ் வந்து ஐந்து மில்லி ரத்தம் எடுத்தாள். குழாயில் ஒட்ட பெயர் கேட்டாள். இருபது வருஷப் பழக்கம், "எஸ். கோமதி" என்றேன். எஸ் என்றால் சண்முகம், என் அப்பா. சோதனைக்கான படிவத்தை என் வீட்டுக்காரரின் மருத்துவ அட்டையைப் பார்த்து யாரோ நிரப்பியிருந்தார்கள். அதில் நான் கோமதி அருணாசலம். டெல்லிக்கு வந்த தமிழர்களுக்கு இது தெரியும். இங்கே பெயருக்குப் பின்னால் ஒரு பெயர் இல்லாமல் விடமாட்டார்கள். ஒரு காகிதத்தில் அப்பா, ஒரு காகிதத்தில் புருஷன், ஒரு காகிதத்தில் ஊர்.

கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்தில் ரத்தம் வாங்கும் ஜன்னலில் இருந்தவர் குழாயையும் படிவத்தையும் பார்த்தார். "நாம் மேட்ச் நஹீ கர்தா" என்று சொல்லி, குழாயை மரத் தாங்கியில் செருகி ஜன்னல் திட்டிலேயே வைத்துவிட்டார். பெயர் ஒத்துப்போகவில்லை, விளக்கம் தேவை.

வீட்டுக்காரர் மேலே ஓடி வந்து என்னிடம் சொன்னார். "என்ன கோமு செய்ய? சர்நேம் என்னங்கான். உங்க அப்பா பேரைச் சொன்னா, அப்ப அருணாசலம் யாருங்கான்."

நான் அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் நிறுத்தி வச்சது சரிதாங்க. நானா இருந்தாலும் நிறுத்தித்தான் வைப்பேன்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். விதவைகளின் மனுக்களைக் கல்யாணத்துக்கு முந்திய பெயர், பிந்திய பெயர் என்று எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்கு என்ன காகிதம் வேண்டும் என்பதும் எனக்கு மனப்பாடம். "ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு ஒரு அஃபிடவிட் வாங்கிட்டு வந்திருங்க. பத்து ரூபா ஸ்டாம்ப் பேப்பர் போதும்."

மனுஷன் அந்த வெயிலில் கோர்ட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போனார். டைப்பிஸ்ட் சாப்பிடப் போயிருந்தான். பிறகு நோட்டரி சாப்பிடப் போனார். எஸ். கோமதியும் கோமதி அருணாசலமும் ஒரே நபர்தான் என்று மூன்று முத்திரை, இரண்டு கையெழுத்தோடு அவர் திரும்பியபோது மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். ஜன்னல்காரர் வாங்கிப் பார்த்து, "யே ஹுயீ நா பாத்" என்று சிரித்தாராம். இதுதான் சரியான வேலை என்று அர்த்தம். குழாய் உள்ளே போனது. அன்று மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வார்டில் நாங்கள் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஹெபடைடிஸ் சி ஆர்.என்.ஏ.: கண்டறியப்படவில்லை. டாக்டர் கையை நீட்டிக் குலுக்கினார். "உங்க உடம்பே துரத்திடுச்சு. போயிட்டு வாங்க." அன்று சாயங்காலமே மலை மந்திர் முருகன் கோவில் படியேறி அர்ச்சனை செய்தோம். அக்கம்பக்கத்தில் கேசரி கொடுத்தோம். அந்த அஃபிடவிட் கதையை நான் போகிற வீடெல்லாம் சொன்னேன். இவர் நோட்டரியைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பிய கட்டத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எட்டு மாதம் அப்படிச் சிரித்தோம். நடுவில் எனக்கு அசதி கூடிக்கொண்டே போனது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்க இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. கல்லீரல் என்சைம் ஏறியே இருந்தது. டிஸ்பென்சரியில் அறிக்கையைக் காட்டினால், "வைரஸ்தான் இல்லையே, கொழுப்பா இருக்கும், எண்ணெயைக் குறைங்க" என்றார்கள். பூரி, வடை எல்லாம் நிறுத்தினேன். என்சைம் இறங்கவில்லை. கடைசியில் ஒரு தோழி சொல்லி வேறு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஒரு பஞ்சாபி டாக்டரம்மா, முப்பது வயதிருக்கும். அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை எப்படி அனுப்பினாங்க?" என்று கேட்டாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அஃபிடவிட் கதையை முழு அபிநயத்தோடு இந்தியில் சொன்னேன். நோட்டரி கட்டம் வந்தபோது அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரை."

"உள்ளே வாங்கினது?"

"அஞ்சுக்குப் பத்து நிமிஷம்."

"அதுவரை குழாய் எங்கே இருந்தது?"

"ஜன்னல்ல" என்றேன். எதற்குக் கேட்கிறாள் என்று அப்போது தெரியாது.

அவள் ஒரு தாளை எடுத்து ஏணி மாதிரி முறுக்கிய இரட்டைக் கோடு போட்டாள். சில வைரஸ்களில் மரபுப் பொருள் டி.என்.ஏ., இப்படி இரட்டை இழை, கொஞ்சம் அலட்சியத்தைத் தாங்கும். பக்கத்தில் ஒற்றைக் கோடு போட்டாள். உங்களுடையது ஆர்.என்.ஏ., ஒற்றை இழை. ஒன்பதாயிரத்துச் சொச்சம் எழுத்து, ஒரே நூல். அதை வெட்டிப்போடும் என்சைம்கள் ரத்தத்திலேயே இருக்கின்றன, நம் விரல் வியர்வையில்கூட இருக்கின்றன. அதனால்தான் ரத்தத்தை எடுத்த கையோடு இயந்திரத்தில் சுற்றி, தெளிந்த நீரைப் பிரித்து, உறைய வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் இழை துண்டு துண்டாகிவிடலாம். இயந்திரம் இழையில் குறிப்பிட்ட ஒரு பகுதி உடையாமல் இருக்கிறதா என்று தேடும். துண்டுகளைப் பார்த்து அது 'உடைந்துவிட்டது' என்று சொல்லாது. 'இல்லை' என்று சொல்லிவிடும்.

"அப்ப எனக்கு இருக்கா?"

"தெரியாது. இந்தக் காகிதத்தை மட்டும் நான் நம்ப மாட்டேன்." பிறகு கேட்டாள், குரலை உயர்த்தாமல்தான். "நீங்க மேல வார்டுலதானே படுத்திருந்தீங்க? சரியான பேரை ஒட்டி வேற குழாயில இன்னொரு தடவை எடுத்திருக்கலாமே. ரெண்டு நிமிஷ வேலை."

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த யோசனை எங்கள் யாருக்கும் வரவில்லை. எனக்கு வரவில்லை, ஸ்டெனோவுக்கு வரவில்லை, நர்ஸுக்கு வரவில்லை, ஜன்னல்காரருக்கு வரவில்லை. நான்கு பேரும் அரசாங்கச் சம்பளக்காரர்கள். தப்பான காகிதத்துக்கு இன்னொரு காகிதம்தான் மருந்து என்று அத்தனை பேருக்கும் சந்தேகமே இல்லை. என் கையில் ரத்தத்துக்கா பஞ்சம்? வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னை நானே வாய்விட்டுத் திட்டினேன். அந்தப் பக்கம் போனவர்கள் வீட்டுக்காரரைத் திட்டுகிறேன் என்று நினைத்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

இந்தத் தடவை டாக்டரம்மா கூடவே இருந்து ரத்தம் எடுத்து, அரை மணியில் சுற்றி, ஐஸில் வைத்தாள். பத்து நாளில் பதில். வைரஸ் இருக்கிறது, லட்சக்கணக்கில். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க, விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி விட்டு ஒரு நூலளவு சதை எடுத்தார்கள். அதன் பிறகு ரத்தம் கசியாமலிருக்க வலப்பக்கமாகவே மணிக்கணக்கில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். தழும்பு நான்கு படியில் மூன்றாவது. நான்காவதுதான் சிரோசிஸ். எட்டு மாதத்துக்கு முன்னால் எந்தப் படியில் இருந்தது என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது என்றாள்.

பழைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். நான் கேட்டது நஷ்ட ஈடு இல்லை. 'அந்த ரத்த மாதிரி கெட்டிருந்தது, அறிக்கை செல்லாது' என்று ஒரு வரி எழுத்தில் வேண்டும், அவ்வளவுதான். அதிகாரி பதிவேட்டைக் காட்டினார். காட்டியது அவர் தப்பு. வந்த நேரம் காலை 10.05. பெயர் விளக்கம் கிடைத்தது மாலை 4.50. இயந்திரத்தில் சுற்றியது திங்கட்கிழமை. இயந்திரம் ஓட்டுகிறவர் வெள்ளிக்கிழமை நாலரைக்கே போய்விட்டாராம்.

"திங்கட்கிழமையா?" என்றேன்.

"ஃப்ரிட்ஜ்லதான் இருந்தது மேடம். அன்னிக்கு உங்க ரத்தத்துல நிஜமாவே கம்மியா இருந்திருக்கலாம், யார் கண்டா?"

"அப்ப பெயர் சரியில்லைன்னா நிறுத்துவீங்க, ரத்தம் சரியில்லைன்னா நிறுத்த மாட்டீங்க, அப்படித்தானே?"

"பெயருக்கு விதி இருக்கு மேடம்."

ஒரு மாதம் கழித்துப் பதில் கடிதம் வந்தது. 'விதிமுறைகள் முறையாகப் பின்பற்றப்பட்டன.' அந்த வாக்கியத்தை நானே எத்தனை பேருக்கு டைப் அடித்திருக்கிறேன். அதைப் பெறுகிற கையில் எப்படி எரியும் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த நாள் அலுவலகத்தில் என் மேஜையில் பெயர் வித்தியாசம் என்று கட்டி வைத்திருந்த மனுக்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேசித் தீர்த்தேன். பிரிவு அதிகாரி ஏன் என்று கேட்டார். ஊசி பேசுது சார் என்றேன்.

ஊசி ஏற்கெனவே தொடங்கியிருந்தது. வாரம் மூன்று, ஆறு மாதம், கூடவே மாத்திரை. போடுவதற்கு வீட்டுக்காரர் கற்றுக்கொண்டார். முதல் வாரம் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார், அந்தப் பழங்களை யாரும் தின்னவில்லை. ஊசி போட்ட அன்று குளிர்காய்ச்சல், எலும்பெல்லாம் வலி. தலைமுடி கொட்டியது. ஒரு நாள்கூடக் குளியலறைச் சல்லடையில் என் முடியை நான் பார்த்ததில்லை. நான் குளித்துவிட்டு வந்ததும் நித்யா உள்ளே போய் எடுத்துப் போட்டுவிடுவாள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டால், "சோடோ மா, விடும்மா, ஐயே, என்ன பெரிய விஷயம்" என்றாள்.

மூன்றாம் மாதம் அந்த மாத்திரை என் ரத்தத்தைக் குறைத்துவிட்டது. படியேறும்போது கண் இருட்டி விழுந்தேன். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். இது கோபம் இல்லை, பயம். "எங்கிருந்து வந்ததோ அதையே திரும்ப ஏத்துதீங்களா?" என்று தமிழிலேயே கத்தினேன். டாக்டரம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அவள் பாட்டிலைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டில் விரலை வைத்து ஒவ்வொரு சோதனையாகப் படித்துக் காட்டினாள். சி வகைக்குப் பக்கத்தில் 'இல்லை' என்று இருந்தது. வீட்டுக்காரர் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏத்திக்க கோமு. இதுக்குப் பயந்து அதுல போயிராத." கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஏற்றினார்கள்.

ஊசி முடிந்து ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டும். மருந்து இல்லாதபோதும் வைரஸ் திரும்பி வரவில்லை என்றால்தான் குணம். அந்த ஆறு மாதம் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். கடைசிச் சோதனையன்று நான் ஆய்வுக்கூட வாசலில் போய் நின்றேன். வெளியே உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். செக்யூரிட்டி வந்தார். அவரிடமும் மாட்டேன் என்றேன். டெக்னீஷியன் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, அவர் நகர்ந்து எனக்கு வழி விட்டார். ஒன்பது பத்துக்கு எடுத்தார்கள். ஒன்பது முப்பத்தைந்துக்கு என் குழாய் இயந்திரத்துக்குள் போனது. தெளிநீரைப் பிரித்து உறைபெட்டிக்குள் வைத்துக் கதவை மூடும் வரை அசையவில்லை.

அறிக்கையை வாங்க வீட்டுக்காரர்தான் போனார். சாயங்காலம் கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் காகிதத்தை நீட்டினார். ஹெபடைடிஸ் சி ஆர்.என்.ஏ.: கண்டறியப்படவில்லை. அதே சொற்கள், அதே எழுத்து. அவர் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. என் வாழ்க்கையிலேயே நல்ல செய்தி அதுதான். அதற்கு நான் பட வேண்டிய சந்தோஷத்தை ஏற்கெனவே ஒரு பொய்க்குச் செலவழித்துவிட்டிருந்தேன், கேசரியோடும் அர்ச்சனையோடும். அதை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? அந்த அதிகாரியா?

நித்யா காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். அவளுக்கும் அந்த வரி ஞாபகம் இருந்தது. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னிடம் வந்தாள்.

"அம்மா, இந்த தடவை சச்முச்சா?"

"நிஜம்தான்டி" என்றேன். "நான் நின்னு பாத்தேன்."